அளவறிந்து உண்ணும் உப்பு

வீட்டில் ஒருவர் பல நாள் உறக்கமின்றி, எல்லையற்ற உற்சாகத்துடன் கைப்பணத்தை வாரி இறைக்கிறார். சில மாதம் கழித்து அவரே படுக்கையை விட்டு எழாமல் துக்கத்தில் ஆழ்ந்து கிடக்கிறார். உற்றார் இதனைக் கிரக தோஷம் என்பர். திமிர் என்பாரும் உளர். இரண்டும் தவறு. இது பைபோலார் என்னும் மனோவியாதியாக இருக்கலாம். இவ்வியாதிக்கு நெடுநாளாக வழங்கிவரும் சிறந்த மருந்து, லித்தியம் என்னும் ஓர் உப்பு. அதன் சரித்திரத்தில் நமது குடும்பங்களுக்கு ஒரு படிப்பினை இருக்கிறது.

இரண்டாவது மகாயுத்தத்தில் சிங்கப்பூர் சாங்கியில் ஜப்பானியரிடம் மூன்றரை ஆண்டு கைதியாயிருந்து மீண்டவர், ஜான் கேட் என்னும் ஆஸ்திரேலிய வைத்தியர். மெல்போர்ன் நகரில் அவர் லித்தியத்தை முதலில் தாமே உட்கொண்டு பார்த்தார். பிறகு வெறி முற்றிய 10 பேருக்குக் கொடுத்து, பலனை 1949-ல் வெளியிட்டார். முதல் நோயாளி ஐந்து ஆண்டுகளாக ஓயாத வெறியில் இருந்தவர். அவர் சில மாதங்களில் வீடு திரும்பிப் பழைய வேலையிலும் அமர்ந்தார். பின்னர் அசிரத்தையால் மருந்தை நிறுத்தினார், வியாதி திரும்பிவிட்டது. மறுபடியும் மருந்து கொடுத்தார்கள். 1950-ல் அந்த லித்தியமே உடலில் மிகுந்து அவர் மாண்டார்.

மருந்தின் குணமும் தோஷமும் இந்த ஒருவர் வரலாற்றிலேயே அடங்கிவிட்டன. காக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி சொற்பம். ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை பொதுவாகத் தக்க அளவு, 1.5-ஐத் தாண்டினால் அபாயம். ரத்தத்தைச் சோதித்து அளவைக் கண்டறியும் முறை பரவிய பிறகே வைத்தியர்களின் அச்சம் தணிந்தது. அமெரிக்க அரசாங்கம் 1970-ல் அனுமதி அளித்தது. வியாதி மீளாமல் தடுப்பதிலும், தற்கொலையிலிருந்து காப்பதிலும் இதற்கு நிகரான மருந்து அரிது.

ஆயினும் ரத்தத்தோடு சிறுநீரகத்தையும் தைராய்டு சுரப்பியையும் வைத்தியர் சொல்லும் தவணை தவறாமல் பரிசோதிக்க வேண்டும். கடும் வெயிலில் உடல் நீர் வற்றுதல், வாந்தி, பேதி, திடீரென்று உணவில் உப்பைக் குறைத்தல், ஐபூபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் ஆகியவை ரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடும். கை மிகுதியாக நடுங்கினாலும், நடை தள்ளாடினாலும், பேச்சுக் குழறினாலும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்க. கர்ப்பத்தை விரும்பும் பெண்கள் முன்னதாகவே வைத்தியரைக் கலந்துகொள்ள வேண்டும்.

சம்பந்தம் தட்டிப்போகுமென்று மருந்தை ஒளிப்பதும், சுகமாகிவிட்டதென்று தாமாகவே நிறுத்துவதும் நம்மவரிடையே உள்ள வழக்கங்கள். இரண்டையும் விட்டொழிப்போம். சுகமாயிருப்பதே மருந்தினால்தான் என்பதை மறவாதிருப்போமாக.