இடைத்தரகர் என்னும் பழிச்சொல்

பொருளைச் செய்பவன் ஒருவன். அதை வாங்குபவன் ஒருவன். இருவருக்கும் நடுவில் நின்று இருபுறமும் உறிஞ்சுபவன் இடைத்தரகன். இப்படியொரு சித்திரம் தமிழ் மேடைகளிலும் ஏடுகளிலும் நெடுங்காலமாக இருந்து வருகிறது. நெல்லுக்கும் காய்கறிக்கும் மீனுக்கும் அது பெரும்பாலும் பொருந்தும். ஆனால், பொருந்தும் இடத்தில் பழகிய சொல்லைப் பொருந்தாத இடத்திலும் வீசுவது மனித இயல்பு. இன்று மலை மிதிவண்டி வாங்க முனையும் இளைஞர் பலர் தம் ஊர் மிதிவண்டிக் கடைக்காரர்மீது அச்சொல்லை வீசுகின்றனர். "செய்பவனிடமே நேராக வாங்கலாமே, நடுவில் கடைக்காரனுக்கு ஏன் கொட்டிக் கொடுக்க வேண்டும்?" என்பது அவர்கள் கேள்வி.

கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரத்துக் கேன்யன், போர்க்கைம் நகரத்து ஒய்.டி., அண்டோரா நாட்டுக் கோமென்சால் ஆகிய நிறுவனங்கள் மலை மிதிவண்டிகளைப் பெட்டியில் அடைத்து வாங்குவோர் வீட்டிற்கே அனுப்பிப் பெயர் பெற்றவை. கடையில் கொடுக்கும் அதே பணத்திற்கு இவர்களிடம் உயர்ந்த முன்கவையும் உறுதியான பிரேக்கும் கொண்ட வண்டி கிடைப்பதுண்டு. இதை மறுத்து வாதிடும் கடைக்காரர் தம் வழக்கைத் தாமே கெடுத்துக்கொள்கிறார். விலை குறைவுதான். ஆனால் எதனோடு எதை ஒப்பிட்டு இந்தக் குறைவு கணக்கிடப்படுகிறது? அங்கேதான் பிழை இருக்கிறது.

பெட்டியில் வருவது மிதிவண்டி அன்று. மிதிவண்டி ஆவதற்குச் சிறிது வேலை எஞ்சியிருக்கும் ஒரு பொருள். முன்சக்கரம் தனியே இருக்கும். கைப்பிடியைப் பொருத்த வேண்டும். இருக்கைத் தண்டைச் செருக வேண்டும். மிதிகளைத் திருக வேண்டும். இவ்வளவுதானே, ஒரு மணி நேர வேலை என்று விளம்பரம் சொல்கிறது. அதுவும் பொய்யன்று. ஆனால் கைப்பிடியை இறுக்கும் சிறு திருகாணிகள் பலவற்றிற்கு 5 நியூட்டன் மீட்டர் அளவே முறுக்கு விசை தேவை. கரிமநார்க் கைப்பிடியாயின், அளவு மீறி இறுக்கினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். தளர்வாக விட்டால் பாறைச் சரிவின் நடுவில் கைப்பிடி திரும்பிவிடும். அளவு காட்டும் ஸ்பானர் எத்தனை வீடுகளில் இருக்கிறது?

அதற்குப் பின்னரே உண்மையான வேலை தொடங்குகிறது. காற்றழுத்தத்தால் இயங்கும் முன்கவையும் பின் அதிர்வுதாங்கியும், ஏறி அமர்பவரின் எடைக்கேற்பக் காற்றடைக்கப்படாவிட்டால் வெறும் அலங்காரமே. ஐம்பத்தைந்து கிலோ எடையுள்ள மாணவனுக்கும் தொண்ணூறு கிலோ எடையுள்ள அவன் ஆசிரியருக்கும் ஒரே அழுத்தம் பொருந்தாது. அமர்ந்த மாத்திரத்தில் அதிர்வுதாங்கி தன் முழு அசைவில் ஏறக்குறைய கால் பங்கு அமிழ வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதைச் சரிபார்க்க வண்டியைத் தாங்கிப் பிடிக்க ஒருவரும் அளந்து பார்க்க ஒருவரும் வேண்டும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் வட்டத்தட்டு பிரேக்கின் குழாயில் காற்றுக்குமிழி புகுந்துவிட்டால், அதை வெளியேற்றத் தனிக் கருவியும் பழகிய கையும் தேவை. இவற்றையெல்லாம் கடைக்காரர் செய்து முடித்தபின் வைக்கும் விலையையும், இவற்றுள் ஒன்றும் செய்யப்படாத பெட்டியின் விலையையும் அருகருகே வைத்து, "பார், எவ்வளவு கொள்ளை!" என்பது, சமைத்த சோற்றின் விலையை அரிசி விலையோடு ஒப்பிடுவதைப் போன்றது.

மலேசியா, சிங்கப்பூர் நாடுகளின் வெயிலும் மழையும் இக்கணக்கை மேலும் மாற்றுகின்றன. கோலாலம்பூரின் புக்கிட் கியாராக் காட்டுப் பாதையிலோ, சிங்கப்பூரின் புலாவ் உபினில் உள்ள கெத்தாம் மலை மிதிவண்டிப் பூங்காவிலோ மழை நாளில் ஓட்டிய வண்டியின் பேரிங்குகளில் ஈரம் தங்குகிறது. சங்கிலி விரைவில் துருவேறுகிறது. டியூப் இல்லாத டயரினுள் ஊற்றிய அடைப்புத் திரவம் சில மாதங்களில் உலர்ந்து போகிறது. ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் தன் முன்கவைகளின் கீழ்க்கால்களை 50 மணி நேர ஓட்டத்திற்கு ஒரு முறை கழற்றித் துப்புரவு செய்து எண்ணெய் மாற்றச் சொல்கிறது. வாரந்தோறும் மூன்று மணி நேரம் ஓட்டுபவர் நான்கே மாதங்களில் அந்த எல்லையை எட்டிவிடுவார். நான்கு மாதத்திற்கு ஒரு முறை முன்கவையை ஜெர்மனிக்கு அனுப்பி வைக்க யாரால் இயலும்?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மிதிவண்டி உறுப்புகள் செய்யும் ஜப்பானிய நிறுவனமான ஷிமானோ 1973ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் ஆலை அமைத்தது. பின்னர் ஜொகூரின் பொந்தியான் பகுதியிலும் அமைத்தது. ஆகவே, ஐரோப்பியப் பெட்டியைப் பிரிக்கும் இளைஞர் கையில் எடுக்கும் ஓர் உறுப்பு, அவர் ஊருக்கு அருகில் பிறந்து, உலகைச் சுற்றி வந்ததாகவும் இருக்கலாம். பொருளுக்குத் தொலைவு ஒரு தடையன்று. திறமை பழகிய கை மட்டுமே அப்படிப் பெட்டியில் ஏறி வருவதில்லை.

நேரடி வாணிகம் புதுமை என்று எண்ணுவோர் இவ்வண்டியின் பிறப்பையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்தில், பழைய கனமான மிதிவண்டிகளில் மலைச்சரிவில் இறங்கி விளையாடிய இளைஞர்கள் 1976ஆம் ஆண்டு ஒரு பந்தயம் தொடங்கினர். அதற்கு 'ரீபேக்' என்று பெயர். பின்சக்கரத்தின் குடத்திலுள்ள பிரேக், இறங்கும் வேகத்தில் சூடேறி உள்ளிருக்கும் கிரீஸ் முழுவதும் புகையாய்ப் போய்விடும். ஒவ்வோர் இறக்கத்திற்குப் பின்னும் குடத்தைக் கழற்றிப் புதிய கிரீஸ் அடைக்க வேண்டும். அவ்வேலையே பந்தயத்தின் பெயராயிற்று. பின்னர் 1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும், டாம் ரிட்சி செய்த சட்டங்களைக் கொண்டு வண்டிகளைக் கட்டி விற்கத் தொடங்கினர். செய்பவரும் விற்பவரும் ஓட்டுபவரும் ஒரே குழுவினராக இருந்த காலம் அது. அவர்களுக்குக் கடை தேவைப்படவில்லை. ஒவ்வொருவரும் பழுதுபார்க்கத் தெரிந்தவர். கிரீஸ் படாத கையோடு பெட்டியைப் பிரிக்கும் இன்றைய வாங்குவோருக்கு அந்த வாதம் எப்படிப் பொருந்தும்? கேன்யன் நிறுவனமும் 1985இல் 'ராட்ஸ்போர்ட் அர்னால்டு' என்ற பெயரில் கோப்லென்ஸில் தொடங்கப்பட்ட ஒரு மிதிவண்டிக் கடையிலிருந்து வளர்ந்ததே என்பதும் நினைவிருக்கட்டும்.

இந்தோனேசியாவின் பாலிகன் வண்டிகளைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் அவை இணையவழி விற்கப்பட்டுப் பெட்டியில் வீடு சேர்கின்றன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலுமோ ரோடலிங்க் என்னும் கடைகளில் அவற்றை ஏறிப் பார்த்து வாங்கலாம். ஒரே பெயர் தாங்கிய வண்டிக்கு இரு வழிகளும் திறந்திருக்கின்றன. நேர்வழி ஒன்றே அறிவுடையோர் வழி, மற்றது மூடர் வழி என்பாரின் வாதம் இதன்முன் நிற்காது.

விற்ற பின்னர் பொறுப்பேற்பது யார் என்பதும் சிறு செய்தியன்று. பிரிட்டனின் விக்கிள், செயின் ரியாக்‌ஷன் என்னும் பெரும் இணைய அங்காடிகள் 2023ஆம் ஆண்டு நொடித்தன. ஒய்.டி. நிறுவனம் 2025 ஜூலையில் நொடிப்பு நடவடிக்கைக்குள் புகுந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் பெருகிய வேட்கையும், அதன்பின் தேங்கிய சரக்கும் கடைகளையும் இவர்களையும் ஒருங்கே வாட்டின. ஊர்க் கடைகளும் மூடப்படுகின்றன என்பது மெய்யே. ஆயினும் கடை மூடினால் அதன் மெக்கானிக் அடுத்த தெருவில் வேறொரு கடையில் ஸ்பானரோடு நிற்கிறார். தொலைவிலுள்ள நிறுவனம் சாய்ந்தால், பின்புறக் கியர் மாற்றியைச் சட்டத்தோடு இணைக்கும் கட்டைவிரலளவு அலுமினியத் துண்டுக்கும் வாங்கியவர் ஊர் ஊராய் அலைய நேரலாம். அத்துண்டு நெடுங்காலம் ஒவ்வொரு சட்டத்திற்கும் வெவ்வேறு வடிவில் இருந்தது. 2019இல் ஸ்ராம் நிறுவனம் பொது வடிவம் ஒன்றைக் கொண்டுவந்த பின்னரே அத்தொல்லை குறையத் தொடங்கியது.

இனி, கடைக்காரரைக் குற்றமற்றவராகக் காட்டுவது இவ்வாதத்தின் நோக்கமன்று. கடையில் இருக்கும் அளவையே 'உங்களுக்குச் சரியான அளவு' என்று தலையில் கட்டும் கடைகள் உண்டு. புதிதாகக் கற்க வரும் பெண்ணிடம் பேசாமல் அவள் அண்ணனிடம் பேசும் கடைகளும் உண்டு. எல்லாவற்றினும் கொடிது, நேரடியாக வாங்கிய வண்டியைத் தொடமாட்டேன் என்று திருப்பியனுப்பும் செயல். வண்டி விற்கும் ஊதியத்தில் பழுதுபார்க்கும் உழைப்பை ஒளித்து வைத்துப் பழகியவர்கள் இவர்கள். விற்பனை வேறிடம் போனதும், உழைப்புக்கு விலை சொல்லும் துணிவு இவர்களுக்கு இல்லை. 'சின்ன வேலைதான், சும்மா செய்து தருகிறேன்' என்று பல்லாண்டு சொன்ன நாவே, தன் கைத்திறனுக்கு மதிப்பில்லை என்று வாடிக்கையாளருக்குக் கற்றுக்கொடுத்தது. இடைத்தரகன் என்ற பழிச்சொல்லுக்கு அவர்களும் பாதிப் பொறுப்பு.

மற்றப் பாதி வாங்குவோரைச் சாரும். கடைக்குச் சென்று, மூன்று அளவு வண்டிகளில் ஏறி இறங்கி, கடைக்காரரின் அரை மணி நேரத்தை விழுங்கி, தமக்குரிய அளவை அறிந்துகொண்டு, வாசலைத் தாண்டியதும் கைத்தொலைபேசியில் வேறிடத்தில் வாங்குகிறார்கள் சிலர். இதற்குச் சிக்கனம் என்று பெயரிடுவது சொல்லுக்குச் செய்யும் தீங்கு; ஒருவர் உழைப்பைக் கூலியின்றி எடுத்துக்கொள்வதற்குத் தமிழில் வேறு சொல் இருக்கிறது. பேரத்தைக் குறை கூறவில்லை. பேரம் பேசுபவர் கடைக்காரரின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார். அவருக்கு மறுக்கவும் வாய்ப்பளிக்கிறார்.

வழி இல்லாமலில்லை. அமெரிக்காவின் டிரெக் நிறுவனம் 2015ஆம் ஆண்டு அறிவித்த முறையில், வாங்குபவர் இணையத்தில் பதிவு செய்வார். வண்டியை அவர் ஊர்க் கடை பூட்டிச் சரிபார்த்துக் கொடுக்கும். கடைக்கும் பங்கு உண்டு. அங்கே உழைப்புக்கு இடம் இருக்கிறது, கூலி இருக்கிறது. பெட்டியில் அனுப்பும் நிறுவனங்கள் தாம் மிச்சப்படுத்தியதாகப் பெருமைப்படும் தொகையில் ஒரு பகுதியை ஒவ்வோர் ஊரிலும் ஒரு மெக்கானிக்குக் கொடுத்து ஒப்பந்தம் செய்துகொண்டால், கடைக்காரருக்கும் அவர்களுக்கும் பகை எதற்கு?

அதுவரை கடைக்காரர் செய்யத்தக்கது, கூலிப் பட்டியலை எழுதிச் சுவரில் மாட்டுவதே. பெட்டி வண்டியைப் பூட்ட இவ்வளவு. பிரேக் குழாயில் காற்றகற்ற இவ்வளவு. முன்கவைக்கு எண்ணெய் மாற்ற இவ்வளவு. அளவு பார்த்துச் சொல்ல இவ்வளவு, வண்டியை இங்கேயே வாங்கினால் அத்தொகை விலையில் கழிக்கப்படும். வண்டி எங்கே வாங்கப்பட்டது என்ற கேள்வி அப்பட்டியலில் இடம்பெற வேண்டியதில்லை. பட்டியலைக் கண்டு, "இதற்கா இவ்வளவு?" என்று கேட்பவர், அதே வேலைக்கு வண்டியைத் தொலைவிலுள்ள உற்பத்தியாளருக்குத் திருப்பி அனுப்ப எவ்வளவு ஆகும் என்று விசாரித்துவிட்டு வரட்டும்; கடை மாலை வரை திறந்திருக்கும்.