இரண்டாவது சாவி எங்கே?

கார்ச் சாவி தொலைந்தால், மற்றொன்று இருக்கிறதே என்று நம்மில் பலர் வாளாவிருந்துவிடுகிறோம். அது தகாது என்பதே நம் கருத்து. பின்னர் ஒருநாள் கார் களவுபோனால், காப்பீட்டு நிறுவனம் இரு சாவிகளையும் கேட்கும். ஒன்று குறைந்தால் இழப்பீடு தாமதமாகலாம், மறுக்கப்படவும் கூடும். காரே இல்லாத நிலையிலும் கடன் தவணை நிற்பதில்லை.

ஆகவே, சாவி தொலைந்தவுடன் காவல்துறையில் புகார் பதிந்து ஒப்புகை பெற வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். தெருமுனையில் வெட்டிய சாவி கதவைத் திறக்கும். ஆனால் இம்மொபிலைசர் பொருத்திய காரில், சிப் பதியாமல் எஞ்சின் இயங்காது. அங்கீகாரம் பெற்ற பணிமனையில் புதுச் சாவியைப் பதியும்போதே, தொலைந்த சாவியின் பதிவை நீக்கச் சொல்ல வேண்டும். பலர் இதைக் கேட்பதே இல்லை! செலவு ஆயிரக்கணக்கில் ஆகலாம். சாவி மாற்றுக்கான கூடுதல் காப்பீடு எடுத்திருந்தால் அதன் வரம்புக்குள் ஈடு பெறலாம். அதற்கும் அந்தப் புகார் ஒப்புகை தேவைப்படலாம்.