சைனஸ் இல்லாத மண்டை

"சைனஸ்ல என்னமோ தெரியுதே சார்" என்றார் பல் டாக்டர்.

"எனக்கு சைனஸ் கிடையாதே டாக்டர்!"

சிரித்துவிட்டார். "சைனஸ் இல்லாத மண்டை ஏது சார்?"

நம்மூரில் சைனஸ் என்பது வியாதியின் பெயர். உண்மையில் அது கன்னத்து எலும்புக்குள் இருக்கும் காற்றறை. பிடுங்கிய கடைவாய்ப் பல்லுக்குப் பதில் இம்ப்ளான்ட் வைக்கப் போனவன் நான். எலும்பு எவ்வளவு மிச்சம் என்று பார்க்க எடுத்த ஸ்கேன், கேட்காத சேதியையும் சேர்த்துச் சொன்னது.

வலது அறையின் தரையில் சிறு குன்று போல ஒரு சாம்பல் மேடு. "நீர்க்கட்டி. பல பேருக்கு இருக்கும். தொந்தரவு இல்லைன்னா தொடவே வேண்டாம்" என்றார். இடது பக்கம்தான் அவர் கண் நின்றது. முன்பு வேர் சிகிச்சை செய்த பல்லுக்கு நேர் மேலே சளிச்சவ்வு தடித்திருந்தது. "இடது மூக்குல மட்டும் கெட்ட வாடை வருமா?"

வரும். தூசி அலர்ஜி என்று இரண்டு வருடமாக ஆவி பிடித்துக்கொண்டிருந்தேன்.

மாடிக் குளியலறை ஒழுகினால் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். இங்கே கதை தலைகீழ். மேல் கடைவாய்ப் பல்லின் வேர்நுனிக்கும் சைனஸின் தரைக்கும் நடுவே மெல்லிய எலும்புத் தகடுதான். சிலருக்கு அதுவும் இராது. கீழே சீழ் கோத்தால் மாடித் தரை ஊறிவிடும். அந்த அறையின் வடிகாலோ உச்சிக்குப் பக்கத்தில்! வேர் சிகிச்சையில் நரம்பை எடுத்துவிட்ட பல் என்பதால் வலித்தும் காட்டிக் கொடுக்கவில்லை.

பல் வழியாக இந்த அறை அகப்படுவது புதிதல்ல. 1651இல் வெளியான தன் நூலில் ஆங்கில மருத்துவர் நத்தேனியல் ஹைமோர் ஒரு பெண்ணைப் பற்றி எழுதுகிறார். கோரைப்பல்லைப் பிடுங்கிய குழியில் நீர் வடிவது நிற்கவில்லை. அவள் ஒரு இறகை உள்ளே விட்டுப் பார்த்தாள். அது போய்க்கொண்டே இருந்தது. மூளையைத் தொட்டுவிட்டது என்று அரண்டுபோனாள். இறகு இந்த அறைக்குள் சுருண்டுதான் கிடந்தது.

அவளுக்கு இறகு, எனக்கு ஸ்கேன். வலது மேட்டை அப்படியே விட்டாயிற்று. இடது பல்லுக்கு மறுபடி வேர் சிகிச்சை, கூடவே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஒரு நடை. இப்போதெல்லாம் யாராவது "எனக்கு சைனஸ்" என்றால், தைலம் எதுவும் சொல்வதில்லை. "எந்தப் பக்கம்? அந்தப் பக்கத்து மேல் பல்லு எப்படி?" என்றுதான் கேட்கிறேன்.