பூட்டும் எண்ணும்

கண்டி ஸ்ரீ தலதா மாளிகையிலே புனித தந்தம் வைக்கப்பட்டிருக்கும் பேழையின் திறவுகோல்கள் ஒருவர் கையில் மட்டும் இருப்பதில்லை. மல்வத்தை, அஸ்கிரிய பீடங்களின் மகாநாயக்க தேரர் இருவரிடமும் தியவடன நிலமேயிடமும் அவை இருந்துவருவது மரபு. அரும்பொருளைக் காப்பதற்குக் கனத்த பூட்டு மட்டும் போதாது, திறவுகோலைக் காக்கும் முறையும் வேண்டும் என்பதற்கு நம் நகரின் நடுவிலேயே இவ்வாறு ஒரு சான்று இருக்கிறது.

அதே சிக்கல் இன்று நம் வீடுகளுக்குள் புதுவடிவில் நுழைந்திருக்கிறது. பிட்கொயின் முதலிய கிரிப்டோ நாணயங்களைப் பற்றிக் கல்லூரி மாணவர் முதல் வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியோர் வரை பலரும் பேசக் கேட்கிறோம். இவற்றில் உள்ள ஆபத்துகளை இலங்கை மத்திய வங்கி 2018 முதல் பலமுறை எச்சரித்திருக்கிறது. ஆதலால் வாங்குங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. வாங்கியவர் அதனைக் காப்பது எங்ஙனம் என்பதே இவ்வார விஷயம்.

இந்நாணயத்தின் இரகசியத் திறவுகோலை வைத்துக்கொள்வதற்கென்றே ட்ரெசர், லெட்ஜர் போன்ற சிறு கருவிகள் உள்ளன. இவற்றைத் திறக்க ஓர் இரகசிய எண் வேண்டும். அந்த எண்ணை நாமேதான் தெரிவுசெய்ய வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் இடறி விழுகின்றனர்.

நான்கு இலக்கங்களில் அமையக்கூடிய எண்கள் 10,000. லெட்ஜர் கருவியிலே மூன்று முறை தவறினால் உள்ளிருப்பவை அழிந்துவிடும். எனவே கள்வனுக்குக் கிட்டும் வாய்ப்பு பத்தாயிரத்தில் மூன்றுதான் என்று நாம் மகிழலாம். ஆனால் வெளியே கசிந்த 34 இலட்சம் நாலிலக்க எண்களை ஆராய்ந்து 2012 இல் வெளியான கணிப்பு வேறு கதை சொல்கிறது. அவற்றுள் நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்டவை 1234, ஆறு 1111, ஏறத்தாழ இரண்டு 0000. இம்மூன்றையும் அழுத்திப் பார்த்தாலே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பூட்டுத் திறந்துவிடும்! பூட்டின்மேல் குற்றமில்லை, எண்ணைத் தெரிந்தெடுத்தவரின் சோம்பலே குற்றம்.

பிறந்த நாளை வைத்தால் என்ன என்று கேட்போர் தமது தேசிய அடையாள அட்டையை எடுத்துப் பார்க்கட்டும். பழைய அட்டை எண்ணின் முதல் இரு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. புதிய 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் ஆண்டே. அடுத்த மூன்று இலக்கங்கள் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்களாயின் அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். பணப்பையைத் திருடியவன் கையில் பிறந்த நாளையும் சேர்த்தே கொடுத்தவராகிறோம். தொலைபேசி எண், வாகன இலக்கம், திருமண நாள் ஆகியவையும் இத்தகையனவே. வங்கி அட்டையின் எண்ணையே இங்கும் வைப்பது இரு வீட்டுக்கு ஒரே சாவி செய்வதை ஒக்கும்.

பின் எவ்வாறு தெரிவது? சுழியம் முதல் ஒன்பது வரை பத்துச் சீட்டுகளில் எழுதிக் குலுக்குங்கள். ஒன்றை எடுத்துக் குறித்தபின் அதனை மீண்டும் போட்டுக் குலுக்குங்கள். இவ்வாறு எட்டு முறை எடுத்தால் பத்துக் கோடியில் ஒன்றாகிய எண் கிடைக்கும். மனனமாகும்வரை நாள்தோறும் அழுத்திப் பழகுங்கள். எண் முன்னரே இடப்பட்டு வரும் கருவியை ஒருபோதும் ஏற்கலாகாது, அது மோசடி.

மறதியும் கள்வனுக்கு இளைத்ததன்று. ஸ்டீபன் தோமஸ் என்பவர் 7,002 பிட்கொயின்களின் திறவுகோலை ஒரு கருவியில் பூட்டிவிட்டுக் கடவுச்சொல் எழுதிய தாளைத் தொலைத்தார். அனுமதிக்கப்பட்ட பத்து முயற்சிகளில் எட்டு வீணாயின என்பதை 2021 இல் உலகம் அறிந்தது. வங்கியாயின் முகாமையாளரிடம் முறையிடலாம். இங்கோ முறையிட ஒருவருமில்லை.

ஆயினும் ஒரு வழியுண்டு. கருவியை முதலில் அமைக்கும்போது அது 12 அல்லது 24 சொற்களைத் தரும். எண் மறந்தாலும் கருவி அழிந்தாலும் அச்சொற்களால் யாவற்றையும் மீட்கலாம். ஆகவே அவை எண்ணைவிட மேலானவை. அவற்றைப் படம் பிடித்துக் கைபேசியில் வைப்பது பேதைமை. தாளில் எழுதிக் கருவியிலிருந்து வேறாக வைக்க வேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயலின் மழையும் மண்சரிவும் நமது மாவட்டத்தில் எத்தனை வீடுகளைக் கொண்டு சென்றன! ஆதலின் இரண்டாம் பிரதி ஒன்று நம்பிக்கைக்குரிய வேறோர் இல்லத்தில் இருத்தல் நலம்.

இறுதியாக, குடும்பத் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. எண்ணை எவரிடமும் சொல்ல வேண்டாம். ஆனால் இப்படியொரு பொருள் இருக்கிறது என்பதையும், சொற்கள் எங்குள்ளன என்பதையும் மனைவியோ மகளோ ஒருவரேனும் அறிந்திருக்கட்டும். ஒருவர் நெஞ்சில் மட்டும் இருக்கும் திறவுகோல் அவருடனேயே மறைந்துபோகும். பிள்ளைகளுக்கென்று சேர்த்த பொருள் பிள்ளைகளால் திறக்க முடியாத பேழையில் கிடந்தால், அதனைச் செல்வம் என்பது எப்படி?