வானொலியும் மாளிகைக் கொலையும்

நாடகம் கண்ணுக்குரிய கலையென்று நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. அரங்கும் திரையும் வேடமும் விளக்குமின்றி நாடகம் நிகழ்தல் கூடுமோ என்று ஐயுற்றோர்க்கு வானொலி விடை கூறிற்று. 1930ஆம் ஆண்டினை ஒட்டித் தொடங்கி ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் குடும்பத்தார் அனைவரும் மாலைப்பொழுதில் ஒரு பெட்டியைச் சூழ்ந்தமர்ந்து, செவியொன்றையே கருவியாகக் கொண்டு நாடகம் கண்டனர். அங்ஙனம் அவர்கள் கேட்டு மகிழ்ந்தவற்றுள் கொலைக் கதைகள் பல. அவற்றுள்ளும் செல்வச் சீமான்களின் மாளிகைகளில் நிகழ்ந்த கொலைகளுக்குச் செல்வாக்கு மிகுதி. அந்நாடகங்களின் பதிவுகள் பல இன்றும் கிடைத்தலின், அவற்றை விரும்பிக் கேட்போர் நம் மாணவருள்ளும் உளர். ஆதலின் அவற்றின் குணதோஷங்களை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

கொலை எவ்விடத்தும் நிகழ்வதே. குடிசையும் அதற்கு விலக்கன்று. அங்ஙனமிருக்க, வானொலி நாடகாசிரியர்கள் மாளிகையை நாடியது என்னை? காரணம் இரண்டு. முதலாவது கதையைப் பற்றியது. மாளிகையில் உயில் உண்டு. அவ்வுயிலின் பயனுக்குக் காத்திருக்கும் உறவினர் உண்டு. கண்டதைச் சொல்லாத பணியாள் உண்டு. பழைய பகையை மறைக்கும் புன்னகையும் உண்டு. சுற்றுமதில் ஒன்று இருத்தலின், ஐயத்திற்குரியோர் ஐவர் அறுவர்க்குள் அடங்குவர். இரண்டாவது ஒலியைப் பற்றியது. செவியே வாயிலாகுங்கால் குரல்கள் மிகுதல் ஆகாது. மிகுமாயின் கேட்போர் மயங்குவர். மேலும் மாளிகை என்பது ஓசைகளின் களஞ்சியம். கடிகாரத்தின் மணி, தொலைபேசியின் அழைப்பு, மாடிப்படியில் மெல்லெனக் கேட்கும் காலடி, நள்ளிரவில் முனகும் கதவு ஆகிய இவை ஒவ்வொன்றும் வானொலியில் ஒரு கதாபாத்திரமேயாகும். 1941ஆம் ஆண்டில் தோன்றிய 'இன்னர் சாங்டம்' என்னும் நாடக வரிசைக்குக் கிறீச்சிடும் கதவின் ஓசையே முத்திரையாக அமைந்தது.

துப்பறிவோரும் பெரும்பாலும் மேன்மக்களாகவே அமைந்தனர். 1937ஆம் ஆண்டில் ஆர்சன் வெல்ஸ் குரல் கொடுத்த 'ஷேடோ' என்னும் வீரன், பகற்காலத்தில் லமான்ட் கிரான்ஸ்டன் என்னும் செல்வ இளைஞன். 1941இல் வானொலிக்கு வந்த 'தின் மேன்' நாடகங்களில் நிக், நோரா என்னும் கணவனும் மனைவியும் கேளிக்கைகளுக்கு இடையே கொலையாளிகளைக் கண்டுபிடித்தனர். 1939ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தொடங்கிய 'எல்லெரி குயீன்' நாடகங்களோ ஒரு புதுமை செய்தன. விடை வெளிப்படுமுன் கதை நிறுத்தப்படும். நிலையத்திற்கு அழைக்கப்பெற்ற விருந்தினர், கொலையாளி யாவர் என்பதைத் தத்தம் அறிவுக்கு எட்டியவாறு உரைப்பர். அதன் பின்னரே உண்மை விளங்கும். வீட்டிலிருந்து கேட்போரும் தம்முள் வழக்காடி விடை தேடினர். கொலை இவ்வாறு ஒரு குடும்ப விளையாட்டாயிற்று.

இத்தகைய கதைகள் இளைஞரைக் கெடுக்குமென்று சான்றோர் சிலர் கூறுவர். அவர்தம் அச்சத்தை நாம் மதிக்கின்றோம். ஆயினும் அக்கூற்றுக்கு உடன்படுகின்றோமல்லோம். துப்பறியும் நாடகத்தில் குற்றம் மறைந்தே போவதில்லை. பிரபுவாயினும் சீமாட்டியாயினும் சான்றுக்குத் தலைவணங்கியே தீரவேண்டும். ஒருவனை அவனுடைய உடையாலும் பட்டத்தாலும் மதிப்பிடாது, அவன் சொல்லும் செயலும் ஒத்திருக்கின்றனவா என்று ஆராயும் பழக்கம் நன்மையே பயக்கும். வானொலியிலோ உடையும் பட்டாடையும் கண்ணுக்குப் புலனாகா. குரல் ஒன்றே நம்முன் நிற்கின்றது. பணியாளின் தடுமாறும் குரலில் குற்றத்தையும், எசமானின் நிதானமான குரலில் நேர்மையையும் காணும் நம் செவியின் சார்பினைப் பன்முறை பொய்ப்பித்தமைக்காக நாம் அந்நாடகாசிரியர்களுக்கு நன்றி பாராட்டக் கடமைப்பட்டுள்ளோம்.

எனினும் எமக்கு ஒரு குறை உண்டு. இந்நாடகங்களுள் பெரும்பாலானவற்றில் இறந்தவனை எவரும் நினைப்பதில்லை. அவன் முதற் காட்சியில் விழுகின்றான். அதன்பின் அவன் சதுரங்கப் பலகையில் வெட்டுண்ட காய். அவனுக்காக அழுவாரில்லை, அவன் எத்தகையவன் என்று கேட்பாருமில்லை. இருந்த அழுகையும் கதையின் ஓட்டத்திற்குத் தடையென விலக்கப்பட்டது. அரைமணி நேரத்தில் புதிர் அவிழ்கின்றது. சோப்பு விளம்பரம் ஒலிக்கின்றது. கேட்டவர் உறங்கச் செல்கின்றனர். மரணத்தைப் புதிராக மட்டும் கேட்டுப் பழகிய செவி, அண்டை வீட்டின் உண்மைக் கூக்குரலையும் புதிராகவே கேட்குமாயின் அது பெருங்கேடன்றோ?

இக்குறையினின்று நீங்கிய நாடகங்களும் உள. சி.பி.எஸ். நிறுவனத்தின் 'சஸ்பென்ஸ்' வரிசையில் 1943ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள் ஒலிபரப்பான 'சாரி, ராங் நம்பர்' அவற்றுள் ஒன்று. எழுதியவர் லூசில் ஃபிளெச்சர் அம்மையார். நடித்தவர் ஆக்னெஸ் மூர்ஹெட் அம்மையார். நோயென்று படுக்கையில் கிடக்கும் நியூயார்க் சீமாட்டி ஒருத்தி, தொலைபேசிக் கம்பிகள் பிணங்கியமையால் இருவர் பேசுவதைக் கேட்கின்றாள். அன்றிரவு ஒரு பெண் கொல்லப்படவிருக்கின்றாள் என்பது அப்பேச்சின் பொருள். அவள் தொலைபேசி நிலையத்தாரிடம் முறையிடுகின்றாள், காவலரிடம் முறையிடுகின்றாள். அவளது குரல் கடுமையும் செருக்கும் உடையது. ஆதலின் எவரும் அவள் சொல்லைப் பொருட்படுத்துகின்றிலர். இந்நாடகத்தில் கண்டுபிடிக்க வேண்டிய புதிர் சிறிது. கேட்க வேண்டிய குரலோ பெரிது. செல்வம் காவாத ஓர் உயிரின் நடுக்கத்தைக் கேட்போர் தம் உயிரின் நடுக்கமாகவே உணர்கின்றனர். விரும்பத்தகாத குரலுடையார்க்கும் கேட்கப்படும் உரிமை உண்டு என்பது அந்நாடகம் புகட்டும் நீதி.

மற்றொன்று இன்னும் ஆழமானது. இங்கிலாந்தின் மேரி அரசியார்க்கு 1947ஆம் ஆண்டு மே மாதத்தில் எண்பது வயது நிறைந்தது. அவ்விழாவை முன்னிட்டுத் தங்கட்கு உகந்த நிகழ்ச்சி யாதென்று பி.பி.சி. நிலையத்தார் வினவ, அரசியார் அகதா கிறிஸ்டி அம்மையாரின் நாடகம் ஒன்றை விரும்பினார். அவ்வாறு எழுந்ததே அம்மாதம் 30ஆம் நாள் ஒலிபரப்பான 'த்ரீ பிளைண்ட் மைஸ்' என்னும் அரைமணி நாடகம். பனியால் சூழப்பட்ட பழைய மாளிகை. அங்கே விருந்தினர் விடுதி நடத்தும் இளந்தம்பதியர். தங்க வந்த மேஜர் ஒருவர், செருக்குடைய சீமாட்டி ஒருத்தி, பிறர் சிலர். எல்லாம் வழக்கமான மாளிகைக் கதையே. ஆயின் அக்கொலைகளின் வேர் மாளிகைக்குள் இல்லை. முன்னொரு காலத்தில் ஒரு பண்ணைவீட்டில் ஒப்படைக்கப்பட்டுக் கொடுமைக்கு ஆளாகிய மூன்று குழந்தைகளிடத்து இருக்கின்றது.

இது வெறுங் கற்பனையன்று. டெனிஸ் ஓநீல் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன், நகராட்சியின் பொறுப்பில் இருந்து வளர்ப்பதற்காக ஷ்ராப்ஷயர் நாட்டுப்புறத்துப் பண்ணையொன்றில் ஒப்படைக்கப்பட்டான். பட்டினியாலும் அடியாலும் நலிந்து 1945ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் அவன் உயிர் துறந்தான். வளர்க்க ஏற்றவன் தண்டனை பெற்றான். அவ்வாண்டிலேயே சர் வால்டர் மாங்க்டன் விசாரணை நடத்தி, மேற்பார்வையிற் கண்ட குறைகளை வெளியிட்டார். ஆதரவற்ற குழந்தைகளைக் காத்தற்கென 1948ஆம் ஆண்டில் அங்கு இயற்றப்பெற்ற சட்டத்திற்கு இச்சிறுவனின் மரணமும் ஒரு தூண்டுகோலாயிற்று. பெருவிழா நாளில் அரசியாரின் செவிக்கு எட்டியது, உருமாறிய அவ்வேழைச் சிறுவனின் கதையே என்பதை எண்ணுங்கால் எம் நெஞ்சம் உருகுகின்றது.

அந்நாடகமே விரிவுற்று, 'தி மவுஸ்ட்ராப்' என்னும் பெயருடன் 1952ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் லண்டன் அரங்கேறியது. 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் தடுக்கும் வரை அது இடையறாது நடைபெற்று, 2021ஆம் ஆண்டில் மீண்டும் தொடர்ந்தது. அதில் வரும் சீமாட்டி, குழந்தைகளை அப்பண்ணைக்கு அனுப்பிய நீதிமன்றத்தாருள் ஒருத்தி. தன்மீது பிழையில்லை என்றே அவள் சாதிக்கின்றாள். கையொப்பமிட்டவர் குற்றவாளி ஆகாரோ என்னும் வினா அங்கே எழுகின்றது. அதற்கு விடை கூறுதல் துப்பறிவோர்க்கும் எளிதன்று.

நாடகம் முடிந்தபின், கொலையாளி யார் என்பதை வெளியே கூறற்க என்று நடிகர் அவையோரை வேண்டிக்கொள்ளுதல் அவ்வரங்கின் மரபு. அம்மரபை நாமும் போற்றிக் கொலையாளியின் பெயரை ஈண்டு மறைக்கின்றோம். ஆயின் அவையோர் அறியாமலே மற்றொரு பெயரும் மறைந்துவிட்டது. அது டெனிஸ் ஓநீல் என்னும் பெயர். முன்னதை மறைத்தல் நயம். பின்னதை மறத்தல் நன்றியின்மை என்பது எமது துணிபு.

நம் சிலப்பதிகாரத்திலும் ஒரு கொலை உண்டு. கோவலனைக் கொன்றவர் யாவரென்பது அங்கே மறைபொருளன்று. கொலையுண்டவன் குற்றமற்றவன் என்பதை நிறுவுதலே கண்ணகியின் வழக்கு. அவ்வழக்கின் முன் அரியணையும் நிலைபெறவில்லை. கொன்றவன் யார் என்று கேட்பது அறிவின் வேலை. இறந்தவன் யார் என்று கேட்பது அறத்தின் வேலை. இரண்டு வினாக்களையும் ஒருங்கே எழுப்பும் நாடகமே நிலைத்து நிற்கும்.

ஆகவே மாணவ நண்பர்களே, பழைய வானொலி நாடகங்களைக் கேளுங்கள். புதிர்களை அவிழ்த்து மகிழுங்கள். உங்களுள் எழுதும் ஆற்றலுடையோர் ஒலிநாடகம் எழுதவும் முன்வருவீர்களாக. அப்பொழுது கொலையுண்டோர்க்கும் ஒரு பெயரும் ஒரு குரலும் அருளுங்கள். உண்மை வாழ்வில் ஒரு சிறுவன் மெலிந்த குரலில் முறையிடுங்கால், கதை முடியட்டும் என்று காத்திராது எழுந்து சென்று கதவைத் திறப்பதற்கு அதுவே உங்கள் செவியைப் பழக்கும்.