பழைய லென்ஸ்: 'கேரக்டரா', கண்புரையா?

1/
வழக்கமா சுகர், பிரஷர், டெங்குன்னு எழுதுற நான் இன்னைக்கு கேமரா லென்ஸ் பத்தி எழுதப் போறேன். பழைய லென்ஸ் வாங்கி இந்தக் காலத்து ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுல மாட்டணும்னு ஆசைப்படுறவங்களுக்கான த்ரெட். கொஞ்சம் நீளம். கடைசியில ஆஸ்பத்திரிக்குத்தான் வந்து நிப்பேன், பொறுத்துக்கோங்க.

2/
தெரியாதவங்களுக்கு ஒரு அறிமுகம். ரேஞ்ச்ஃபைண்டர்ல நாம லென்ஸ் வழியாப் பார்க்கறதில்ல. பக்கத்துல இருக்குற சின்ன ஜன்னல் வழியாப் பார்ப்போம். நடுவுல ரெண்டு பிம்பம் தெரியும். லென்ஸைத் திருகத் திருக ரெண்டும் ஒண்ணாச் சேரும். சேர்ந்துட்டா ஃபோகஸ் சரி.

அதாவது லென்ஸுக்குள்ள என்ன கோளாறு இருந்தாலும் ஜன்னல்ல உலகம் பளிச்சுன்னுதான் தெரியும். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

3/
என்கிட்ட இருக்குறது செகண்ட் ஹேண்ட் லைக்கா எம் 240. அதுக்கே சேமிப்பு காலி. எம்பிபிஎஸ் மட்டும் முடிச்ச அரசு டாக்டர் சம்பளத்துல லைக்காவோட புது லென்ஸ் எல்லாம் கனவுதான். அதனால சோவியத் காலத்து ஜூபிடர்-8 ஒண்ணு வாங்கினேன். 50 எம்எம், எஃப்/2. சில ஆயிரம் ரூபாய்.

பொருந்துமான்னா, அழகாப் பொருந்தும். 1930கள்ல இருந்து வந்த 39 எம்எம் ஸ்க்ரூ மவுண்டுக்கும், 1954ல எம்3 கேமராவோட வந்த எம் மவுண்டுக்கும் நடுவுல வித்தியாசம் சரியா 1 மில்லிமீட்டர். அந்தக் கனத்துல ஒரு வளையம் போட்டா தாத்தா காலத்து லென்ஸ் இன்னைக்கும் வேலை செய்யும்.

4/
எடுத்த படமெல்லாம் லேசா பால் ஊத்தின மாதிரி இருந்துச்சு. கறுப்பு கறுப்பா இல்ல. வெளிச்சத்தைச் சுத்தி ஒரு புகை. எனக்கு ரொம்பப் பிடிச்சுது. நண்பர்களும் 'என்னா கேரக்டர்யா இந்த லென்ஸுக்கு'ன்னு பாராட்டினாங்க. நானும் நம்பிட்டேன்.

5/
எங்க தெருவுல ஒரு அக்கா இருக்காங்க. பனியன் கம்பெனியில செக்கிங். டியூப் லைட்டுக்குக் கீழ நின்னு நாள் பூரா பீஸைப் புரட்டிப் பார்க்கற வேலை. ஆயில் கறை, ஓட்டை, நீடில் லைன், ஷேட் மாறினது, எதுவும் அவங்க கண்ணுக்குத் தப்பாது.

ஒரு ஞாயித்துக்கிழமை அவங்களே கேட்டாங்க. "என்னை ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க சார். கல்யாணத்துல எடுத்தது ஒண்ணு, ஆதார்ல இருக்கறது ஒண்ணு. வேற நல்ல போட்டோவே எங்கிட்ட இல்லீங்க."

6/
மொட்டை மாடியில எடுத்தேன். எஃப்/2, பின்னாடி சாயங்கால வெயில். பிரிண்ட் போட்டு, பெரிய கலைஞன் நெனப்புல கொண்டு போய்க் குடுத்தேன்.

வாங்கி வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தாங்க. பீஸ் பார்க்கற அதே மாதிரி.

"ஏனுங்க சார், கலங்கலா இருக்குதுங்களே. லென்ஸைத் தொடைக்கலீங்களா?"

அது கேரக்டர்னு விளக்க ஆரம்பிச்சேன். பாதியிலேயே எனக்கே கூச்சமாப் போச்சு.

7/
அன்னைக்கு ராத்திரிதான் ஒழுங்கா ஒரு வேலை செஞ்சேன். ஓபி-யில கண்மணி பார்க்க வெச்சிருக்கற பென் டார்ச்சை லென்ஸோட பின்பக்கம் இருந்து சாய்வா அடிச்சேன். உள் கண்ணாடி முழுக்க வெள்ளைப் படலம். பழைய கிரீஸோட எண்ணெய் ஆவியாகி உள்ள படிஞ்சிருக்கு. இதுக்கு ஹேஸ்னு பேரு.

நான் மாசக்கணக்கா ரசிச்ச 'கேரக்டர்'ல பாதிக்கு மேல அழுக்கு. நோயை நான் குணம்னு நெனச்சிருக்கேன்.

8/
இது எனக்குப் புதுசா என்ன? கண்புரை முத்தின பெரியவங்க ஓபி-க்கு வர்றது வேற எதுக்கோதான். "கண்ணு தெரியுதாம்மா?"ன்னு கேட்டா, "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும் சாமி"ம்பாங்க. அரசு ஆஸ்பத்திரியில இலவசமா ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு சொன்னாலும் பலர் நம்ப மாட்டாங்க. மங்கல் மெதுவா வரும்போது மனுஷன் அதையே இயல்புன்னு எடுத்துக்குவான். லென்ஸ் விஷயத்துல நானும் அதையேதான் செஞ்சிருக்கேன்.

9/
இன்னொண்ணும் யோசிங்க. ஜூபிடர்-8-ஓட மூலம் ஜெர்மனியில லுட்விக் பெர்ட்டெல வடிவமைச்ச சைஸ் சோனார், 1930களோட சரக்கு. அப்போ லென்ஸுக்குக் கோட்டிங் கிடையாது. கண்ணாடியும் காத்தும் சேர்ற ஒவ்வொரு இடத்துலயும் ஒளி சிதறும். அதனால 6 கண்ணாடிகளை 3 தொகுதியா ஒட்டி, அந்த இடங்களை 6 ஆக் குறைச்சார். எதுக்கு? படம் தெளிவா வரணும்னுதான். அந்த அக்கா கேட்டதைத்தான் அவரும் கேட்டிருக்கார்.

10/
1950 ஏப்ரல்ல ரமணர் மறைஞ்சப்ப திருவண்ணாமலையில லைக்காவோட இருந்தார் ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸோன். ரமணரோட கடைசி நாள் படங்களை எடுத்தவர். நாம இன்னைக்கு 'விண்டேஜ்'னு கொண்டாடுற வகை லென்ஸெல்லாம் அவர் காலத்துல சாதாரண, நடப்பு லென்ஸ்தான். மங்கலா வரணும்னு யாரும் தேடிப்பிடிச்சு வாங்கல.

11/
'அப்போ சாஃப்டா எடுக்கவே கூடாதா? கலைக்குச் சுதந்திரம் இல்லையா?'ன்னு கேப்பீங்க. தாராளமா எடுங்க. லென்ஸை சர்வீஸ் பண்ணின பிறகும் எஃப்/2-ல அதுக்குன்னு ஒரு மென்மை இருக்கு. அது வடிவமைப்புல வர்றது, எனக்கு இன்னும் பிடிக்கும். மழை, மரம், உங்க டீ கிளாஸ், எதை வேணா எடுங்க.

என் கருத்து ஒண்ணே ஒண்ணுதான். தன்கிட்ட நல்ல போட்டோ இல்லாதவங்க முகத்துல நம்ம ரசனையைப் பூசக் கூடாது. அவங்களுக்கு முதல்ல ஒரு தெளிவான படம் குடுத்துடணும். நம்ம விளையாட்டு அதுக்கப்புறம்.

12/
ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, ஆஸ்பத்திரியில ஒருத்தர் இறந்ததும் வராண்டாவுல நடக்கற ஒரு விஷயத்தை அடிக்கடி பார்க்கறேன். கண்ணீர் அஞ்சலி பிளக்ஸுக்குப் போட்டோ வேணும். மகன் போன்ல தேடுவான். குரூப் போட்டோவுல ஓரமா பாதி முகம். கடைசியில ஆதார் கார்டு போட்டோவைப் பெருசாக்குவாங்க. ஊருக்கெல்லாம் டி-ஷர்ட் தெச்சு அனுப்பின மனுஷனுக்கு உருப்படியா ஒரு படம் இல்ல.

13/
சரி, வாங்கப் போறவங்களுக்கு நடைமுறைக் குறிப்பு.

* டார்ச் இல்லாம பழைய லென்ஸ் வாங்காதீங்க. ஜன்னல் வழியாப் பார்த்து ஏமாறாதீங்க.
* உள்ள குட்டிக் குமிழி, முன் கண்ணாடியில மெல்லிய கீறல்: காதர்பேட்டை செகண்ட்ஸ் மாதிரி. விலையைக் குறைச்சு வாங்கலாம், வேலை செய்யும்.
* ஹேஸ்: பெரும்பாலும் சுத்தம் பண்ணிடலாம்.
* சிலந்தி வலை மாதிரி கிளை விட்டிருந்தா ஃபங்கஸ். சீக்கிரம் பார்த்தா சரி பண்ணலாம். முத்திட்டா சுத்தம் பண்ணினாலும் தழும்பு நிக்கும்.

14/
* சோவியத் லென்ஸோட ஃபோகஸ் அளவு பழைய கான்டாக்ஸ் கணக்கு. லைக்கா கணக்கு கொஞ்சம் வேற. கிட்டக்க எஃப்/2-ல எடுத்தா ஃபோகஸ் தள்ளிப்போகும். எம் 240-ல லைவ் வியூ இருக்கு, அதுல சரிபாருங்க. இல்லேன்னா எஃப்/5.6 வெச்சுக்கோங்க. பழைய லென்ஸ் அங்கதான் நல்லா கூர்மையாகும்.
* வெயிலுக்கு எதிரே எடுத்தா ஹூட் கட்டாயம்.
* பீரோவுல துணிக்கு நடுவுல வைக்காதீங்க. காத்துப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல். நம்ம ஊர்ல பேக்கிங் செக்ஷன்ல கேட்டாலே கிடைக்கும். ஈரம் குடிச்சுட்டா மாத்திடுங்க.

15/
'தோரியம் லென்ஸ்னா கேன்சர் வருமா டாக்டர்?' இது நிச்சயம் வரும் கேள்வி. 1950களோட தொடக்கத்துல வந்த சில சம்மிக்ரான் உட்பட, சில பழைய லென்ஸ்கள்ல தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. நாளாக ஆக மஞ்சள் பூக்கும். கேமராவுல மாட்டிப் படம் எடுக்கற அளவுக்குப் பயம் வேண்டாம். உடைச்சா, தேய்ச்சா வர்ற தூளை மூச்சுல இழுக்கறதுதான் ஆபத்து. தலைமாட்டுல வெச்சுத் தூங்காதீங்க, அவ்வளவுதான்.

16/
லென்ஸை சர்வீஸ் பண்ணிட்டு அந்த அக்காவை மறுபடி எடுத்தேன். அதே மாடி, நிழல், எஃப்/5.6. காதுத் தோடு, நரைச்ச முடி, மூக்குத்தி, எல்லாம் தனித்தனியாத் தெரியுது. மறுபடியும் வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தாங்க.

"இது ஓகே பீஸுங்க சார்."

இந்த ஞாயித்துக்கிழமை உங்க அம்மாவை, பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிட்டு நிழல்ல நிக்க வெச்சு ஒரு படம் எடுங்க. லைக்கா வேண்டாம், போன் போதும். எடுக்கறதுக்கு முன்னாடி லென்ஸைத் தொடச்சுடுங்க. எடுத்ததைப் பிரிண்ட் போட்டு அவங்க கையில குடுங்க.