எழுத்துக்குக் காசு கேட்டா என்னங்க தப்பு?

போன வாரம் ஒரு பத்திரிகையில இருந்து போன். "டாக்டர், டெங்கு பத்தி 800 வார்த்தை, நாளைக்குக் காலைல 10 மணிக்குள்ள அனுப்பிடுங்க." நைட் டூட்டி முடிச்சு வந்து அப்பதான் உட்கார்ந்திருக்கேன். "சரிங்க, சன்மானம் எவ்வளவு?"ன்னு கேட்டேன். அந்தப் பக்கம் அஞ்சு செகண்ட் சத்தமே இல்ல. அப்புறம், "நீங்களே இப்படிக் கேட்கலாமா டாக்டர்? இது சமூக சேவை இல்லையா?"

கொஞ்சம் நீளமான திரெட். பொறுமையா படிங்க.

சேவைன்னா எல்லாருக்கும் சேவையா இருக்கணும். அந்தப் பக்கத்துல விளம்பரம் போட்டவர் காசு கட்டியிருக்கார். அச்சடிச்சவருக்குக் கூலி உண்டு. கட்டை பஸ்ல ஏத்தி அறந்தாங்கி வரைக்கும் கொண்டு போனவருக்குக் கூலி உண்டு. வீடு வீடா போடுற தம்பிக்கும் உண்டு. எழுதினவனுக்கு மட்டும் "பேர் வரும் சார்". பேரை வச்சு ரேஷன் கடையில அரிசிகூட வாங்க முடியாது.

தமிழ்நாட்டுல அரசு டாக்டருங்க டூட்டி நேரம் போக தனியா கிளினிக் வச்சுக்கலாம். சாயங்காலம் கிளினிக்ல ஃபீஸ் வாங்கினா யாரும் முகம் சுளிக்கிறதில்ல. அதே ஆளு ராத்திரி கண் முழிச்சு எழுதினதுக்குக் காசு கேட்டா மட்டும் "பணத்தாசை" ஆயிடுது.

"காசுக்கு எழுதினா தரம் போயிடும்"னு ஒரு கோஷ்டி சொல்லும். செகாவ் மாஸ்கோவுல டாக்டருக்குப் படிக்கும்போதே நகைச்சுவைப் பத்திரிகைகளுக்கு எழுதித்தான் குடும்பத்தைக் காப்பாத்தினார். வரிக்கு இத்தனை கோபெக்னு கணக்கு. தரம் போச்சா? கானன் டாயிலும் டாக்டர்தான். கிளினிக்ல கூட்டம் இல்லாத நேரத்துல எழுதினதுதான் முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவல். அதை 25 பவுனுக்கு மொத்தமா வித்துட்டார். அந்த நாவலுக்கு அதுக்கு மேல ஒரு காசு கிடைக்கல. அவசரத்துல கையெழுத்துப் போடுற எல்லாருக்கும் நான் சொல்ற கதை இது.

அவ்வளவு தூரம் போவானேன். புதுமைப்பித்தன். தினமணி, தினசரின்னு பத்திரிகை வேலை பார்த்துட்டு சினிமாவுக்கு வசனம் எழுதப் போனார். 'ராஜமுக்தி' படத்துக்காக புனே போன இடத்துல காசநோய் முத்திடுச்சு. 1948-ல திருவனந்தபுரத்துல இறந்தார். வயசு 42. ஸ்ட்ரெப்டோமைசின் 1943-லயே கண்டுபிடிச்சாச்சு, ஆனா அன்னைக்கு அது ஏழைக்கு எட்டுற மருந்தில்ல. இன்னைக்கு அதே நோயோட எங்க ஆஸ்பத்திரிக்கு வந்தா மாத்திரை இலவசம், சத்துணவுக்கு மாசம் 1000 ரூபாய் பேங்க்ல விழும். 2002-ல அவர் எழுத்தை அரசு நாட்டுடைமை ஆக்குச்சு. நல்ல விஷயம்தான். ஆனா செத்து 54 வருஷம் கழிச்சு.

நம்ம மாவட்டத்துக்காரர் ஒருத்தரையும் சொல்லணும். ராயவரம் வை. கோவிந்தன். 1939-ல 'சக்தி' பத்திரிகையை ஆரம்பிச்சவர். தி.ஜ.ர., தொ.மு.சி. ரகுநாதன், கு. அழகிரிசாமி எல்லாம் அங்க வேலை பார்த்தவங்க. 1957-ல பாரதியார் கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்கு அச்சடிச்சுக் கொடுத்தார். மலிவு விலை புத்தகம்னா எழுதுறவன் வயித்துல அடிச்சுத்தான் போட முடியும்னு சொல்றவங்க இவரைப் படிக்கணும். கடைசியில நொடிச்சுப் போனார்ங்கறதும் உண்மைதான், மறைக்கல.

இப்ப என் பங்கு. ஆறு வருஷமா நான் இலவசமாத்தான் எழுதினேன். பேர் அச்சுல வந்தா அம்மா வெட்டி வச்சுக்குவாங்க, அது போதும்னு இருந்தேன். ஒரு மருத்துவப் பக்கம் மாசாமாசம் எழுதினேன். எனக்கு முன்னாடி அதை எழுதினவர் முழுநேர எழுத்தாளர். அவருக்குச் சன்மானம் கொடுத்துக்கிட்டு இருந்திருக்காங்க. டாக்டரே இலவசமா கிடைக்கிறார்னதும் அவரை நிறுத்திட்டாங்க. இது எனக்கு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. மாச சம்பளம் வாங்குற நான், சேவைங்கிற பேர்ல ஒருத்தரோட வீட்டு வாடகையைத் தட்டிப் பறிச்சிருக்கேன். கேட்காம எழுதுறது பெருந்தன்மைன்னு நினைச்ச ஆள்தான் நானும்.

சிறுபத்திரிகைகளை இதுல சேர்க்காதீங்க. ஆசிரியரே கைக்காசு போட்டு நடத்துற இடத்துல நானும் சும்மா எழுதுவேன். யாருமே சம்பாதிக்காத இடம் வேற, எழுதுறவன் மட்டும் சம்பாதிக்காத இடம் வேற.

பத்திரிகை கொடுக்கலைன்னா வேற யாராவது கொடுப்பாங்கங்கறதையும் பாருங்க. "சத்து மாவு பத்தி ரெண்டு வரி சேர்த்துக்கங்க டாக்டர், நாங்க கவனிச்சுக்கறோம்"னு போன் வரும். டாக்டர் எந்தப் பொருளுக்கும் பொதுவெளியில பரிந்துரை கொடுக்கக்கூடாதுன்னு நெறிமுறை விதி இருக்கு. ஆனா காசு வராத எழுத்துக்குள்ள இந்த ரெண்டு வரி நுழையுறது ரொம்பச் சுலபம். படிக்கிற நீங்க அதை நம்பி சுகர் மாத்திரையை நிறுத்திட்டு எங்க கேஷுவாலிட்டிக்குத்தான் வருவீங்க.

போன மாசம் ஓ.பி.க்கு ஒருத்தர் வந்தார். மொழிபெயர்ப்பாளர். சுகர் 400-க்கு மேல, கால்ல புண். அட்மிட் ஆகுங்கண்ணேன்னு சொன்னேன். "பத்து நாள் டைம் கொடுங்க டாக்டர். கையில இருக்கிற புத்தகத்தை முடிச்சுக் கொடுத்தாத்தான் போன புத்தகத்துக்குப் பாக்கி தருவேன்னு சொல்லியிருக்காங்க"ங்கறார். பத்து நாள்ல அந்தக் கால் என்ன ஆகும்னு அவருக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டியதாப் போச்சு. அட்மிட் ஆனார். ஒரு விரல் மட்டும் போச்சு. ஒப்பந்தம் இருக்கான்னு கேட்டேன். "பழகின இடம், வாய்ப்பேச்சுதான்"னார்.

வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லைங்க. 1957 காப்புரிமைச் சட்டத்துல தெளிவா இருக்கு: உரிமையை மாத்திக் கொடுக்கிறது எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும். எத்தனை வருஷத்துக்குன்னு எழுதலைன்னா 5 வருஷம்னுதான் அர்த்தம். அதுக்கப்புறம் உரிமை உங்களுக்கே திரும்பிடும். எழுதினவர் வாழ்நாளும், அதுக்கு மேல 60 வருஷமும் அது உங்க குடும்பச் சொத்து. நிலம்னா வில்லங்கம் பார்க்கிறோம், பத்திரம் பதியுறோம். எழுத்தை மட்டும் வாட்ஸ்அப்ல தூக்கிக் கொடுத்துடறோம்.

"அரசு ஊழியர் எழுதிச் சம்பாதிக்கலாமா?"ன்னு கமெண்ட்ல வருவீங்க, தெரியும். எப்போதாவது செய்யுற இலக்கிய, அறிவியல் எழுத்துக்கு மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளே (1964) இடம் கொடுக்குது. மாநில ஊழியருங்க அவங்கவங்க விதியைப் பார்த்து, தேவைன்னா அனுமதி வாங்கிக்கங்க. நான் வாங்கியிருக்கேன். வர்றதை வருமான வரியிலயும் காட்டுறேன்.

அந்த டெங்கு கட்டுரைக்கு ஒரு தொகை சொன்னேன். பெருசா இல்ல, ரெண்டு பேர் குடும்பத்தோட ஓட்டல்ல சாப்பிடுற காசு. "ஆசிரியர்கிட்ட கேட்டுச் சொல்றேன்"னு வச்சவர் திரும்பக் கூப்பிடல. ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பிரிச்சா அதே பக்கத்துல டெங்கு கட்டுரை. எழுதினது என் பேட்ச்மேட். போன் போட்டு, "எவ்வளவு மச்சி கொடுத்தாங்க?"ன்னேன்.

"அதை விடு மச்சி, போட்டோ நல்லா வந்திருக்குல்ல?"ங்கறான்.